மேற்கோள் குறிக்கு முன் ஒரு கோடு

நான் எழுதிக் கொடுத்த நிரல்களில் மிகச் சிறியது, சேரன்மகாதேவியில் பத்திரம் எழுதும் அண்ணாச்சி ஒருவரின் கடைக்காக எழுதியது. ஸ்கேன் செய்த மூலப் பத்திரங்களின் பக்கங்கள் ஒரு ஃபோல்டரில் கிடக்கும். அவற்றை வரிசையாக அடுக்கி, முன்னால் ஒரு தலைப்புப் பக்கம் வைத்து, ஒரே கோப்பாக்கித் தரும். 'இணை' என்று அதற்குப் பெயர் வைத்தேன். பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து என்டர் தட்ட வேண்டும். கடையில் டைப் அடிக்கும் பெண்ணுக்கு அது பிடித்திருந்தது. எலியைப் பிடித்து இழுப்பதைவிட வேகம் என்றாள்.

அந்த வரியில் நிரலின் பெயருக்குப் பின் இரண்டு விஷயங்கள் வர வேண்டும். முதலில் ஃபோல்டர், அடுத்தது தலைப்பு. இடைவெளி கண்ட இடமெல்லாம் வரியை வெட்டித்தான் கணினி நிரலிடம் கொடுக்கும். ஃபோல்டருக்கு 'மேல வீடு' என்று பெயர் இருந்தால் அது இரண்டு துண்டாகிவிடும். அதனால் பெயரை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வைக்கிறோம். குறிக்குள் இருக்கும் இடைவெளியை அது வெட்டாது.

இதோடு முடிந்திருந்தால் எழுத ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணாச்சிக்குத் தலைப்பில் வீட்டின் பெயர் மேற்கோள் குறிக்குள் வர வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பெயர் உண்டு. மேல வீடு, நடு வீடு, கிணத்தடி வீடு. கதவு எண் மாறும், பெயர் மாறாது என்பார். தலைப்பே மேற்கோளுக்குள் இருக்க, அதனுள்ளே இன்னொரு மேற்கோள் வந்தால் எது எல்லை, எது எழுத்து என்று கணினிக்குத் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. உள்ளே வரும் குறிக்கு முன்னால், மேல்முனை இடப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்றைப் போட்டால், 'இது எல்லை இல்லை, வெறும் எழுத்து' என்று பொருள். இது நான் வகுத்த விதி அல்ல. நிரல் எழுதப் பயன்படுத்திய மொழியோடு வந்தது. டைப் அடிக்கும் பெண்ணுக்கு அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைத் திரைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

ஒரே ஃபோல்டரை வெவ்வேறு தலைப்போடு மூன்று நான்கு முறை இணைக்க வேண்டிய வேலை அவளுக்கு அடிக்கடி வரும். "ஒவ்வொரு தடவையும் ஃபோல்டர் பேரு அடிக்கணுமா சார்? பழசையே எடுத்துக்கிடக் கூடாதா?" என்று கேட்டாள். நியாயம்தான். முதல் இடத்தில் வெறும் மேற்கோள் குறிகளை மட்டும் அடித்தால், கடைசியாகப் பயன்படுத்திய ஃபோல்டரையே எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். மாற்றும்போது ஒரு சோம்பேறித்தனம் செய்தேன். ஃபோல்டர் பெயரைக் கொடுக்கவில்லை என்பதும், கொடுத்த பெயரில் ஃபோல்டர் இல்லை என்பதும் வேறு வேறு. இரண்டையும் நிரலின் ஒரே கிளையில் போட்டு, எதுவானாலும் கடைசி ஃபோல்டரையே எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டேன். ஒன்றரை வருடம் எந்தக் கெடுதலும் நடக்கவில்லை.

அந்தப் பெண் ஒரு கல்யாணத்துக்காக ஒரு வாரம் விடுப்பில் போனாள். அந்த வாரத்தின் புதன்கிழமை மதியம் இரண்டு ஐம்பதுக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். நான் பாளையங்கோட்டையில் வீட்டில் இருந்தேன்.

"உம்ம ப்ரோகிராமு வேற ஆளு காயிதத்தக் கொண்டாந்து வைக்கு வே," என்றார்.

என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் பத்து நாள் விடுப்பில் வந்திருக்கிறார். வாப்பா விட்டுப்போன வீட்டில் தன் பாதியைத் தங்கைக்குத் தானமாக எழுதிவைக்க வேண்டும். மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பதிவு. அன்றே சாயங்காலம் திருவனந்தபுரத்தில் அவருக்கு விமானம். மூலப் பத்திரங்களை இணைத்து, பதிவுத்துறை இணையதளத்தில் ஏற்றியாகிவிட்டது. ஏற்றியதை ஒருமுறை திரையில் காட்டச் சொல்லி தங்கை கேட்டிருக்கிறார். நான்காவது பக்கத்தில் நிறுத்தி, "இதுல எங்க வாப்பா கையெழுத்து இல்லியே" என்றிருக்கிறார்.

"பழைய பத்திரம்னா அப்படித்தான் மங்கலா இருக்கும்மான்னு சொன்னேன்," என்றார் அண்ணாச்சி. "அதுக்கு அந்தம்மா, 'பழசுன்னா மங்கும் அண்ணாச்சி, ஆளு மாறுமா'ங்கு."

"ஏத்துனத மாத்த முடியுமா?"

"அஞ்சு மணி வரைக்கும் முடியும். அதுக்கு மேல நாளைக்கு இவுஹ டோக்கன் செல்லாது."

போனிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். திரையில் கடைசியாக அடித்த வரியைப் படிக்கச் சொன்னேன். 'இணை' என்றார், 'ரெண்டு புள்ளி' என்றார், 'கோடு' என்றார்.

"கோடு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு அண்ணாச்சி?"

"சாஞ்சுதான் கெடக்கு."

"இடப்பக்கமா, வலப்பக்கமா?"

"நீரு எங்கன நின்னு பாக்கீரு, அதச் சொல்லும் மொதல்ல."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் சிரித்தது. அது துபாய்க்காரராக இருக்க வேண்டும். நான் புதிதாக ஒரு வரி சொல்லி, எழுத்தெழுத்தாக அடிக்கச் சொன்னேன். ஃபோல்டர் பெயர், மேற்கோள், முடிந்தது என்றேன். "முடிச்சாச்சு," என்றார். என்டர் தட்டினார். மறுபடியும் அதே வேற்று ஆளின் முப்பத்தோரு பக்கங்கள் வந்தன. மணி மூன்று பத்து. வண்டியை எடுக்காமல் பேருந்தில் போனேன். பேருந்தில் என்றால் மடிக்கணினியில் நிரலைத் திறந்து பார்க்கலாம்.

பார்த்ததில், மேலே சொன்ன அந்த ஒரே கிளை கண்ணில் பட்டது. எழுதியபோது கையெட்டும் தூரத்தில் இருந்த தவறு, அப்போது தெரியவில்லை. அண்ணாச்சி அடித்த பெயரில் ஃபோல்டர் ஏன் கிடைக்கவில்லை என்பது மட்டும் புரியாமல் இருந்தது.

கடைக்குள் நுழையும்போது மூன்று ஐம்பத்தைந்து. துபாயிலிருந்து வந்த அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், மடித்த சட்டைக்கை, போன் கையில். தங்கை நின்றுகொண்டிருந்தார். அவர் உட்காராததற்குக் காரணம் நாற்காலி இல்லாதது அல்ல. நாற்காலி ஒன்று காலியாகத்தான் இருந்தது.

"மூணாவது லீவு," என்றார் அண்ணன் என்னிடம், நான் கேட்காமலேயே. "போன தடவை உம்மா ஆஸ்பத்திரில. அதுக்கு முந்தின தடவை வில்லங்கம் பார்த்து முடியல. அடுத்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வர முடியும்."

"அடுத்த தடவைன்னு இனி நான் கேக்க மாட்டேன் காக்கா," என்றார் தங்கை அண்ணனைப் பார்த்து. கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகுதான் தெரிந்தது: உம்மாவைக் கடைசிவரை பார்த்தது அந்த வீட்டில் இருந்த இவர்தான். அண்ணனின் மகன்கள் வளர்ந்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வருடம் போனால் அந்தப் பாதி யார் பேச்சுக்கு உட்பட்டதாக இருக்கும் என்பதை யாரும் அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் திரைக்கு முன் உட்கார்ந்து மேலம்பு விசையை அழுத்தினேன். அண்ணாச்சி கடைசியாக அடித்த வரி வந்தது. திரையில் ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன்:

இணை "D:\மேல வீடு\" "\"மேல வீடு\" தான பத்திரம்\"

ஒவ்வொரு மூடும் மேற்கோளுக்கு முன்னாலும் ஒரு கோடு இருந்தது.

"இந்தக் கோட்ட ஏன் போட்டீங்க அண்ணாச்சி?"

"ஏன்னா? அடைக்கதுக்குத்தான்."

அவர் மேசையிலிருந்த ஒரு கையெழுத்துப் பத்திரத்தைக் காட்டினார். பத்திரம் எழுதுகிறவர்கள் ஒரு வரி பாதியில் முடிந்தால் மீதி இடத்தைச் சும்மா விடுவதில்லை. ஓரம் வரை ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். பின்னால் யாரும் ஒரு சொல்லைச் செருகிவிடக் கூடாது. அண்ணாச்சி முப்பது வருடமாக அதைச் செய்கிறவர். மருந்துக்கடைக்குக் கொடுக்கும் சீட்டிலும் கடைசி மாத்திரைக்குக் கீழே கோடு போடுவார் என்று டைப் அடிக்கும் பெண் சொல்லியிருக்கிறாள். அவர் சுவரிலிருந்த தாளைப் பார்த்திருக்கிறார். மேற்கோளுக்கு முன்னால் அந்தப் பெண் கோடு போட்டிருப்பது தெரிந்தது. அந்தப் பெண்ணும் நம்மைப் போலத்தான் அடைக்கிறாள், ஆனால் சில இடத்தில் மறந்துவிட்டாள் என்று முடிவுசெய்து, விட்டுப்போன இடங்களையும் அவரே அடைத்திருக்கிறார்.

வந்ததைச் சரிபார்க்க, கணினி அந்த வரியை எப்படி வெட்டியது என்று காட்டும் நாலு வரி நிரல் ஒன்றை அங்கேயே எழுதினேன். நான்கு துண்டுகள் வந்தன:

D:\மேல வீடு" "மேல

வீடு"

தான

பத்திரம்"

முதல் துண்டுதான் ஃபோல்டர் என்று நிரல் நினைத்தது. அப்படி ஒரு ஃபோல்டர் அங்கே இருக்க முடியாது. அந்தக் கணினியில் ஃபோல்டர் பெயருக்குள் மேற்கோள் குறியே வரக் கூடாது. ஆகவே கிடைக்கவில்லை. கிடைக்காததால் கடைசி ஃபோல்டரை எடுத்துக்கொண்டது. அது போன வாரம் அந்தப் பெண் விடுப்புக்கு முன் முடித்த கடைசி வேலை. தலைப்புப் பக்கத்தில் 'வீடு' என்ற ஒற்றைச் சொல்லும் ஓர் அனாதை மேற்கோளும் அச்சாகியிருந்தன.

"தலைப்பு பாதிதான வந்திருக்கு. அதப் பாத்தும் சந்தேகம் வரலியா?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் சுருக்கிப் போட்டிருக்குன்னு நெனச்சேன் வே. நீங்கள்லாம் எல்லாத்தையும் சுருக்குவீங்கள்லா."

கோடு அடைப்பதில்லை, அடுத்து வரும் குறியின் எல்லை வேலையைப் பறித்துவிடுகிறது என்று விளக்கினேன். மூட வேண்டிய குறி மூடாமல் போகவே, அடுத்து வந்ததெல்லாம் உள்ளே போய்விட்டது. குறிக்கு முன்னால் கோடும் ஓர் எழுத்தாக வேண்டும் என்றால் அதற்கு முன் இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டு கோடு போட்டால் ஒரு கோடு என்று பொருள், குறி குறியாகவே நிற்கும். மேற்கோளுக்கு முன்னால் இல்லாத கோடு எத்தனை இருந்தாலும் அவை வெறும் கோடுகள்தான்.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "முப்பது வருஷமா கோடு போடுதேன். ஒரு பய உள்ள நுழைஞ்சதில்ல. உம்ம மிஷின்ல கோடு போட்டா கதவு தொறந்துக்கிடுதோ?"

"கதவு தொறந்தது கோட்டால. வேற வீட்டுக்குள்ள போனது என்னால," என்றேன். ஒரே கிளை பற்றிய விஷயத்தைச் சொன்னேன். பெயர் கிடைக்கவில்லை என்றால் நிரல் நின்றிருக்க வேண்டும். நிற்காமல் யூகித்துக்கொண்டதுதான் தவறு.

"அப்பச் சரி. பாதி உமக்கு, பாதி எனக்கு," என்றார் அண்ணாச்சி.

"பாதி பாதின்னு பேசாதீங்க அண்ணாச்சி, அதுலதான் இத்தன வருஷம் போச்சு," என்றார் அண்ணன். தங்கைகூட லேசாகச் சிரித்தார்.

எனக்கு அப்போது வேறொரு கணக்கு ஓடியது. அந்த வாரத்தில் அண்ணாச்சி தன் கையால் இதற்கு முன் எத்தனை வேலை முடித்தார்? கேட்டேன். மூன்று என்றார். கோப்புகளைத் திறந்தேன். மூன்றிலும் அதே முப்பத்தோரு பக்கங்கள். பதிவு நாள் மூன்றுக்கும் அடுத்த வாரம். வரிசைப்படி அவற்றை முதலில் சரிசெய்து, பெயரைக் குறித்து, பிறகு இவர்களுடையதற்கு வர வேண்டும் என்பதுதான் என் வழக்கம். தாளை எடுத்து எண் போட ஆரம்பித்தேன்.

"சார்," என்றார் தங்கை. "மணி நாலேகால். அவுஹளுக்கு அடுத்த வாரம் இருக்கு. எனக்கு முக்கா மணி நேரம்தான்."

தாளைக் கீழே வைத்தேன்.

வரியிலிருந்த வேண்டாத இரண்டு கோடுகளை எடுத்தேன். என்டர். இருபத்தாறு பக்கங்கள் வந்தன, தலைப்பு முழுதாக வந்தது. அண்ணாச்சி இணையதளத்தைத் திறக்கப் போனார். தங்கை திரைக்கு முன் வந்து நின்று, "ஒவ்வொண்ணா காட்டுங்க," என்றார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. சார் பாத்துட்டாவள்லா."

"போன தடவையும் சரியாத்தான இருந்துச்சு உங்களுக்கு. பையத் தள்ளுங்க."

ஒரு பக்கம் ஒரு பக்கமாகத் தள்ளினேன். அவர் உரக்கப் படிக்கவில்லை. கையெழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் விரலைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார், தொடவில்லை. பதினேழாவது பக்கத்தில், "இது உம்மா," என்றார். அங்கே கையெழுத்து இல்லை, ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. அண்ணன் எழுந்து வந்து பார்த்தார். இருபத்தாறும் முடிய பதினொரு நிமிடம் ஆயிற்று. நாலு முப்பத்தேழுக்கு அண்ணாச்சி பழைய கோப்பை நீக்கிப் புதியதை ஏற்றினார். ஏறுவதற்கு மின்சாரமும் இணையமும் ஒத்துழைத்தன. ஏறியதைத் தங்கை மறுபடியும் திறந்து பார்க்கச் சொன்னார். பார்த்தோம். நாலு ஐம்பது.

அவர்கள் போனபின் மற்ற மூன்றையும் சரிசெய்தோம். மூன்று பேருக்கும் அண்ணாச்சியே போன் போட்டார். முதல் இரண்டு பேரிடம் 'கம்ப்யூட்டர்ல சின்னக் கோளாறு' என்றார். மூன்றாவது ஆளிடம், "நான்தாம்லே தப்பா அடிச்சிட்டேன்," என்றார். அந்த ஆள் அவருக்கு மச்சான் முறை என்பது பிறகு தெரிந்தது.

அன்று மாலையே வீட்டில் நிரலைத் திருத்தினேன். கோட்டையும் குறியையும் பற்றிய விதியை நானே எழுதிவிடலாமா என்று முதலில் யோசித்தேன். ஃபோல்டர் பெயரில் மேற்கோள் வர முடியாது. ஆகவே அங்கே கோடும் குறியும் சேர்ந்து வந்தால் மூடு என்றே எடுத்துக்கொள்ளலாம். தலைப்பில் மட்டும் பழைய விதி. எழுதியும் பார்த்தேன், வேலை செய்தது. பிறகு அழித்துவிட்டேன். ஒரே வரியில் ஒரே கோடு முதல் பாதியில் ஒரு பொருளும் பின் பாதியில் வேறு பொருளும் தரும் என்றால், சுவரில் ஒட்டிய தாளும் பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக இரண்டு காரியம் மட்டும் செய்தேன். ஃபோல்டர் கிடைக்கவில்லை என்றால் நிரல் நிற்கும், தனக்கு என்ன பெயர் கிடைத்தது என்று அப்படியே காட்டும். கிடைத்தால், எத்தனை பக்கம், என்ன தலைப்பு என்று சொல்லி, 'சரியா?' என்று கேட்கும்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அதைக் கடையில் போட்டுக் கொடுத்தேன். அண்ணாச்சி ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

"கேள்வி கேட்டு உசுர எடுக்கு வே இது," என்றார்.

"கேக்கட்டும்."

"என் சம்சாரத்துக்கு அடுத்தபடி இதுதான் என்னய நம்பல."

பதினொன்றுக்கு முன்பே அண்ணனும் தங்கையும் வந்தார்கள். வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது, பின்னால் பெட்டிகள் கட்டியிருந்தன. எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. திருநெல்வேலிப் பேருந்துக்கு நேரம் இருந்தது, உட்கார்ந்திருந்தேன். இருவரும் அண்ணாச்சியுடன் எதிரே இருக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். முன்னால் ஒரு கூட்டம் இருந்ததால் பதினொன்றரை ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. கார் டிரைவர் இரண்டு முறை இறங்கி எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு இருபதுக்கு மூவரும் வெளியே வந்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அண்ணனின் இடது பெருவிரலில் மை இருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார், அது போகவில்லை.

காரில் ஏறும் முன் அவர் பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்தார். மேல வீட்டுச் சாவி, இத்தனை வருடமும் துபாயில் தன்னிடமே வைத்திருந்ததாகச் சொன்னார்.

"இனி இது உன்னோடதுதான," என்று தங்கையிடம் நீட்டினார்.

தங்கை அதை வாங்கி, ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணனின் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டார்.

"வீடுதான் என் பேருக்கு வந்திருக்கு காக்கா," என்றார். "பூட்ட மாத்தப் போறேன்னு யாரு சொன்னா?"

அண்ணன் காரில் ஏறினார். டிரைவர் கதவைச் சாத்திவிட்டுக் களக்காடு வழியா, நாங்குநேரி வழியா என்று கேட்டார். எது சீக்கிரமோ அது என்றார் தங்கை.